மார்ஷல் லுவோ ரொங்ஹுவான்: ஓர் அரசியல் ஆணையரின் ராணுவ வாழ்க்கை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1955 செப்டம்பர் 27 அன்று பெய்ஜிங்கில் சீன மக்கள் விடுதலை ராணுவத்தின் மார்ஷல்களாகப் பத்துப் பேருக்குப் பட்டம் வழங்கப்பட்டது. ஜூ தே, பெங் தெஹுவாய், லின் பியாவ் போன்ற பெயர்களை வரலாறு படிப்பவர்கள் எங்காவது கேள்விப்பட்டிருப்பார்கள். அதே பட்டியலில் இருக்கும் லுவோ ரொங்ஹுவானைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. மற்றவர்கள் படை நடத்தியோ, போர்த் திட்டம் வகுத்தோ பெயர் பெற்றவர்கள். இவர் வாழ்நாளின் பெரும்பகுதியை அரசியல் ஆணையராகவே கழித்தார். சீன ராணுவம் என்றாலே ஆயுதங்களையும் எல்லைத் தகராறையும் பற்றித்தான் பேசுகிறோம். அந்த ராணுவம் உள்ளிருந்து எப்படிக் கட்டப்பட்டது என்று புரிந்துகொள்ள இவருடைய வாழ்க்கை மிக நல்ல வழி. வாசகர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

லுவோ ரொங்ஹுவான் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1902 நவம்பர் 26 அன்று ஹூனான் மாகாணத்தின் ஹெங்ஷான் பகுதியில் பிறந்தார். 1927-ல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். ஜப்பானியருக்கு எதிரான போரில் ஷாண்டோங் மாகாணத் தளத்தைக் கட்டியெழுப்பினார். உள்நாட்டுப் போரில் வடகிழக்குப் படையின் அரசியல் ஆணையர். புதிய சீனாவில் முதல் தலைமை வழக்குத் தொடுநர், பிறகு ராணுவத்தின் பொது அரசியல் துறை இயக்குநர். 1963 டிசம்பர் 16 அன்று, 61 வயதில் காலமானார். பத்து மார்ஷல்களில் முதலில் இறந்தவர் இவர்தான்.

அரசியல் ஆணையர் என்பவர் தளபதியை வேவு பார்க்கக் கட்சி வைத்த ஆள்தானே?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். சோவியத் செஞ்சேனையில் அந்தப் பதவி பிறந்தபோது அந்த நோக்கமும் இருந்தது உண்மை. ஜார் காலத்து அதிகாரிகளை வைத்துப் படை நடத்த வேண்டியிருந்தது. அவர்கள் மேல் கட்சிக்கு நம்பிக்கை இல்லை. சீனாவில் அந்தப் பதவி வேறு வேலைகளையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது.

சீன ராணுவத்தில் கம்பெனிக்கும் பட்டாலியனுக்கும் அரசியல் பயிற்றுநர், ரெஜிமெண்ட் முதல் மேலே போகப் போக அரசியல் ஆணையர். தளபதியும் ஆணையரும் சம அந்தஸ்து உள்ளவர்கள். முக்கிய முடிவுகளை அந்தப் பிரிவின் கட்சிக் குழு கூடி எடுக்கும். சண்டையை நடத்துவது தளபதியின் பொறுப்பு. ஆட்களின் பொறுப்பு ஆணையருடையது. யாருக்குப் பதவி உயர்வு, யார் தகுதியற்றவர், சிப்பாய்க்கு எழுத்தறிவு, காயம்பட்டவர்களின் கவனிப்பு, ஊர் மக்களோடு உறவு, கைதிகளை நடத்தும் விதம், தண்டனை எல்லாம் அவர் பக்கம் வரும்.

அவ்வளவு அதிகாரம் ஒருவர் கையில் இருந்தால் படையைக் காப்பாற்றவும் முடியும், அழிக்கவும் முடியும். லுவோவின் வாழ்க்கையைப் படிக்கும்போது இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படித்த இளைஞர் எப்படிப் படைக்குள் வந்தார்?

1924-ல் ச்சிங்தாவ் நகரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முன்தயாரிப்பு வகுப்பில் சேர்ந்தவர் அவர். 1925-ல் ஷாங்காயில் பிரிட்டிஷ் போலீஸ் ஆர்ப்பாட்டக்காரர்களைச் சுட்டதும் நாடெங்கும் மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். லுவோவும் அந்த அலையில் வந்தவர். 1926-ல் புரட்சியின் மையமாக இருந்த குவாங்ஜோவுக்குப் போனார். 1927-ல் வூஹானில் மறுபடி படிப்பைத் தொடங்கினார். அதே வசந்தத்தில் கோமிண்டாங் என்ற தேசியவாதக் கட்சியின் தலைவர் சியாங் கை ஷேக் கம்யூனிஸ்டுகள் மேல் பாய்ந்தார். கட்சியில் இருப்பதே உயிருக்கு ஆபத்து என்ற நிலை. அந்த நேரத்தில்தான், மே மாதத்தில், லுவோ கட்சியில் சேர்ந்தார். கட்சி அவரை ஹூபேயின் தொங்செங் பகுதிக்கு அனுப்பி, விவசாயிகளின் தற்காப்புப் படைக்குக் கட்சிப் பிரதிநிதியாக்கியது. படிப்பு அங்கேயே நின்றுபோனது. செப்டம்பரில் அந்தப் படை, மாவோ தலைமையேற்ற இலையுதிர்கால அறுவடை எழுச்சியில் கலந்தது.

சான்வான் என்ற ஊரின் பெயர் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

அந்த எழுச்சி தோற்றது. சுமார் 5,000 பேரோடு தொடங்கிய படையில் 1,000 பேர்கூட மிஞ்சவில்லை. தப்பி ஓடுவது வெட்கமான காரியமாகக்கூட யாரும் பார்க்காத நிலை. யார் எப்போது போகிறார்கள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள் என்று அந்தக் காலத்து ஆட்கள் பிற்பாடு எழுதியிருக்கிறார்கள்.

செப்டம்பர் இறுதியில் ஜியாங்சியின் சான்வான் கிராமத்தில் மாவோ படையை நிறுத்தினார். போக விரும்புகிறவர்கள் போகலாம், வழிச் செலவு தரப்படும் என்றார். மிஞ்சியவர்களை ஒரே ரெஜிமெண்டாக மாற்றினார். அதுவரை ரெஜிமெண்ட் அளவில் மட்டும் இருந்த கட்சி அமைப்பைக் கம்பெனி வரைக்கும் கொண்டுபோனார். சிப்பாய்கள் குழு அமைத்துக்கொள்ளலாம், அதிகாரி சிப்பாயை அடிக்கக் கூடாது, கணக்கு வழக்கு எல்லோருக்கும் காட்டப்படும் என்று விதிகள் வந்தன.

அப்போது நியமிக்கப்பட்ட முதல் கம்பெனிக் கட்சிப் பிரதிநிதிகளில் ஒருவர் லுவோ. வயது 24. கண்ணாடி போட்ட மாணவர்; சுற்றிலும் விவசாயிகளும், சுரங்கத் தொழிலாளிகளும், பழைய கூலிப்படைச் சிப்பாய்களும். முந்தைய சீனப் படைகளில் அடி வாங்காத சிப்பாய் கிடையாது. அந்த வழக்கத்தை ஒழிப்பது ஒரு கம்பெனியில் ஒரு மனிதர் தினமும் செய்ய வேண்டிய வேலை. ஆணை போட்டதும் அது நடந்துவிடாது. லுவோ தன் வேலையைக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

குட்டியென் மாநாட்டில் அவருக்கு என்ன பங்கு?

1929 டிசம்பர் கடைசியில் ஃபூஜியான் மாகாணத்தின் குட்டியென் கிராமத்தில் சீனக் கம்யூனிஸ்டுகளின் படையான செஞ்சேனையின் நான்காம் படை மாநாடு கூட்டியது. படையின் மேல் கட்சிக்குத்தான் அதிகாரம், படை சண்டைக்கு மட்டும் அல்ல, மக்களைத் திரட்டுவதற்கும்தான் என்பதெல்லாம் அங்கே தீர்மானமாயின. உடல் தண்டனையை ஒழிக்கும் தீர்மானமும் அங்கே நிறைவேறியது. லுவோ மாநாட்டுக்கு முன் சிப்பாய்களிடையே நிலைமையைக் கேட்டறியும் வேலையில் இருந்தார். மாநாட்டில், படையை வழிநடத்திய கட்சியின் முன்னணிக் குழுவுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அடுத்த ஆண்டு அவர் நான்காம் படையின் அரசியல் ஆணையர். தளபதி லின் பியாவ், வயதில் ஐந்து ஆண்டு இளையவர், யாரோடும் ஒத்துப்போகாதவர் என்று பெயர் எடுத்தவர். பின்னாளில் பல ஆண்டுகள் இந்த இருவரின் பெயரும் சேர்ந்தே வரப்போகிறது.

நெடும்பயணத்தில் இருந்தாரா?

இருந்தார். கோமிண்டாங் முற்றுகையை உடைத்துக்கொண்டு செஞ்சேனை வடக்கு நோக்கி நடந்த அந்தப் பயணத்தில், எட்டாம் படைத்தொகுதியின் அரசியல் துறைத் தலைவராகப் புறப்பட்டார். புதிதாகச் சேர்த்த ஆட்கள் நிறைந்த அந்தப் படைத்தொகுதி 1934 கடைசியில் ஷியாங் ஆற்றைக் கடக்கும்போது சிதறியது. மிஞ்சியவர்கள் மிகச் சிலர், படைத்தொகுதியே கலைக்கப்பட்டது.

ஷாண்டோங்கில் அவர் செய்த வேலை ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

லுவோவை மார்ஷல் ஆக்கியது ஷாண்டோங்தான் என்பது என் கருத்து.

1937-ல் ஜப்பானுக்கு எதிராகக் கோமிண்டாங்கும் கம்யூனிஸ்டுகளும் கைகோத்தபோது செஞ்சேனை எட்டாம் பாதைப் படையாகப் பெயர் மாறியது. அதில் 115-ஆவது டிவிஷனுக்கு லின் பியாவ் தளபதி, லுவோ அரசியல் துறைத் தலைவர். 1938 மார்ச்சில், நட்புப் படையான, ஷான்ஷி மாகாண ஆட்சியாளர் யான் ஷிஷானின் சிப்பாய்கள் ஆள் தெரியாமல் சுட்டதில் லின் பியாவ் படுகாயம் அடைந்தார். சென் குவாங் தற்காலிகத் தளபதியானார். லுவோ அரசியல் ஆணையரானார். 1939 தொடக்கத்தில் இருவரும் ஒரு பகுதிப் படையோடு ஷாண்டோங்குக்குள் நுழைந்தார்கள்.

அங்கே ஜப்பானியர், அவர்களின் கைக்கூலிப் படைகள், கோமிண்டாங் படைகள், உள்ளூர்ப் பிரபுக்களின் ஆயுதக் கும்பல்கள், இத்தனைக்கும் நடுவில் தனித்தனியாக இயங்கிய கம்யூனிஸ்ட் கொரில்லாக் குழுக்கள். ஏற்கெனவே இருந்த ஷாண்டோங் படைக்கும் வெளியிலிருந்து வந்த 115-ஆவது டிவிஷனுக்கும் இடையே யார் பெரியவர் என்ற உரசல் வேறு. 1942 வசந்தத்தில் கட்சியின் மூத்த தலைவர் லியூ ஷாவ்ச்சி நேரில் வந்து நிலைமையை ஆராய்ந்தார். விவசாயிகளின் குத்தகையையும் வட்டியையும் குறைக்கும் வேலை மந்தமாக நடப்பதே அடிப்படைக் குறை என்று சொன்னார். அதன் பிறகு அந்த வேலை வேகம் பிடித்தது. 1943-ல் படைத் தளபதி, அரசியல் ஆணையர், கட்சித் தலைமை மூன்றும் லுவோ கைக்கு வந்தன. கம்யூனிஸ்டுகளின் எந்தப் பெரிய தளத்திலும் ஒருவரிடம் இவ்வளவு குவிந்தது அபூர்வம். 1945-ல் போர் முடிந்தபோது ஷாண்டோங்கின் வழக்கமான படை சுமார் 2,70,000 பேர். 1939-ல் அவர்கள் வந்தபோது அந்த எண்ணிக்கையை யாரும் கனவு கண்டிருக்க மாட்டார்கள்.

ஹூஷி கொலைகள் என்பது என்ன? லுவோ அதில் என்ன செய்தார்?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். வெய்ஷான் ஏரிக்கு மேற்கே உள்ள பகுதிதான் ஹூஷி. 1939 ஆகஸ்ட் முதல் அங்கே 'ட்ராட்ஸ்கியவாதிகளை', அதாவது ஸ்டாலினின் எதிரியான ட்ராட்ஸ்கியின் ஆட்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களைக் 'களையெடுப்பது' என்ற பெயரில் கைதுகள் தொடங்கின. ஒருவரைப் பிடித்து அடித்து, அவர் வாயிலிருந்து வரும் பெயர்களை எழுதிக்கொண்டு அடுத்தவர்களைப் பிடிப்பதுதான் முறை. அடி தாங்காதவர் தெரிந்த பெயரையெல்லாம் சொல்வார். பட்டியல் நீண்டுகொண்டே போகும். சில மாதங்களில் சுமார் 300 கட்சி ஊழியர்களும் படையினரும் தங்கள் தோழர்கள் கையாலேயே கொல்லப்பட்டார்கள். இதை முன்னின்று நடத்தியவர்களில் 115-ஆவது டிவிஷனின் சொந்த அரசியல் அதிகாரியும் ஒருவர். முன்பு சொன்னேனே, அழிக்கவும் முடியும் என்று, அது இதுதான்.

செய்தி எட்டியதும் லுவோ மற்ற தலைவர்களோடு நவம்பரில் ஹூஷிக்குப் போனார். எந்தக் கொலையும் இனி நடக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். அடைத்து வைக்கப்பட்டிருந்தவர்களைக் கட்டவிழ்த்து, ஒவ்வொருவராக விசாரித்தார்கள். சாவுக்குக் காத்திருந்த நூற்றுக்கணக்கானவர்கள் உயிர் தப்பினார்கள்.

அந்தக் காலத்தில் 'களையெடுப்பை' நிறுத்தச் சொல்கிறவர் மேலேயே சந்தேகம் திரும்புவது வழக்கம். ஜியாங்சியிலும் பிற தளங்களிலும் முப்பதுகளில் ஆயிரக்கணக்கானோர் அப்படிச் செத்திருக்கிறார்கள். லுவோவுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் போய் நிறுத்தினார். அவருடைய பதவிகள் எல்லாவற்றையும்விட இந்த ஒரு செயலை நான் மேலாக மதிக்கிறேன். கொல்லப்பட்டவர்களின் பெயரில் ஒட்டிய களங்கம் முழுமையாகத் துடைக்கப்படப் பல பத்தாண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

படை நடத்தும் திறமை அவருக்கு இருந்ததா?

இருந்தது. ஒரே ஓர் இரவைச் சொன்னால் போதும்.

1941 நவம்பர் தொடக்கத்தில் ஜப்பானியர் சுமார் 50,000 பேரைத் திரட்டி ஷாண்டோங்கின் யீமெங் மலைப்பகுதியைச் சுற்றி வளைத்தார்கள். நவம்பர் 5 அன்று 115-ஆவது டிவிஷனின் தலைமையகமும் கட்சியின் மாகாண அமைப்பும் லியூதியென் என்ற கிராமத்தில் சிக்கிக்கொண்டன. ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருந்தாலும் அதில் எழுத்தர்கள், மருத்துவப் பணியாளர்கள், சமையல்காரர்கள்தான் அதிகம். சண்டை போடத் தெரிந்த படை மிகச் சிறியது. கூட்டத்தில் ஒருவர் கிழக்கே கடலோரத் தளத்தை நோக்கி உடைத்துப் போகலாம் என்றார், இன்னொருவர் வடக்கு, மற்றொருவர் மேற்கு.

லுவோ தெற்கே போகலாம் என்றார். தெற்கே இருந்தது லின்யீ, எதிரியின் கோட்டை. கிழக்கே போவோம் என்று எதிரி எதிர்பார்ப்பான், அங்கே ஆள் குவித்திருப்பான். எல்லாப் படையையும் வளையத்துக்கு அனுப்பிவிட்டதால் அவன் வீட்டுவாசல் காலியாக இருக்கும் என்பது அவர் கணக்கு. இரவில் மூன்று சுற்றுக் காவலுக்கு இடையே புகுந்து தெற்கே இறங்கி, பிறகு மேற்கே திரும்பினார்கள். ஒரு குண்டும் சுடப்படவில்லை, ஒருவரும் சாகவில்லை என்று சீனப் பதிவுகள் சொல்கின்றன. ஹான்ஸ் ஷிப்பே என்ற ஐரோப்பியப் பத்திரிகையாளர் அந்த வரிசையில் நடந்து வந்தார். அந்த இரவைப் பற்றி எழுதவும் செய்தார். அதே மாதக் கடைசியில் வேறொரு சண்டையில் அவர் கொல்லப்பட்டார்.

இந்த அனுபவத்திலிருந்தே லுவோ ஒரு போர்முறையை வகுத்தார். எதிரி நம் இடத்துக்குள் வந்தால் நாம் பின்வாங்கிக்கொண்டே போக வேண்டியதில்லை. அவன் எல்லையைத் தாண்டி அவன் இடத்துக்குள் புகுந்து அடிக்க வேண்டும். அதற்காகப் படையை மையத்தில் வைக்காமல் எல்லை ஓரத்திலேயே நிறுத்தினார். 1943 ஜனவரியில் ஜப்பானியர் கடலோரப் பின்ஹாய் தளத்தைத் தாக்கியபோது லுவோவின் படை அவர்களுக்குப் பின்னால் இருந்த தான்செங் நகரைப் பிடித்தது.

அவருக்கு என்ன நோய்? ஆஸ்திரிய மருத்துவர் கதை உண்மையா?

உண்மை. லுவோவுக்குச் சிறுநீரக நோய். சிறுநீரில் ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. 1943-ல் கம்யூனிஸ்டுகளின் இன்னொரு படையான புதிய நான்காம் படையிலிருந்து ஜேக்கப் ரோசன்ஃபெல்ட் என்ற மருத்துவர் அவரைப் பார்க்க ஷாண்டோங்குக்கு வந்தார். வியன்னாவில் படித்த யூதர். டாகாவ், புக்கன்வால்ட் வதைமுகாம்களில் அடைபட்டிருந்து வெளியேறி, 1939-ல் ஷாங்காய் வந்து சேர்ந்தவர். 1941-ல் கம்யூனிஸ்ட் படையில் மருத்துவராகச் சேர்ந்தார். சிறுநீரகவியல்தான் அவர் துறை. எக்ஸ்ரே வசதிகூட இல்லாத கிராமத்தில் அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. மருந்தும் கவனிப்பும்தான் தர முடிந்தது. இருவரும் நெருங்கிய நண்பர்களானார்கள். ரோசன்ஃபெல்ட் 1952-ல் டெல் அவிவில் இறந்தார். ஷாண்டோங்கின் ஜூனான் பகுதியில் இன்றும் அவருக்குச் சிலை இருக்கிறது.

1946-ல் மாஸ்கோவில் லுவோவின் ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள். அடுத்த 17 ஆண்டுகள் மற்றொன்றை வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தார்.

வடகிழக்குக்கு, அதாவது மஞ்சூரியாவுக்கு, ஏன் போனார்?

ஜப்பான் சரணடைந்ததும் தொழிற்சாலைகளும் ரயில் பாதைகளும் நிறைந்த வடகிழக்கை யார் முதலில் பிடிப்பது என்ற ஓட்டம் தொடங்கியது. ஷாண்டோங்கிலிருந்து போஹாய் கடலைக் கடந்தால் வடகிழக்கு. 1945 இலையுதிர்காலத்தில் 60,000-க்கும் மேற்பட்ட படையினரும் ஊழியர்களும் மீன்பிடிப் படகுகளிலும் சிறு கப்பல்களிலும் தரைவழியாகவும் போனார்கள். லுவோவையும் ஸ்ட்ரெச்சரில் வைத்துத்தான் துறைமுகத்துக்குத் தூக்கிப் போனார்கள்.

அங்கே மறுபடி லின் பியாவோடு இணைந்தார். மாஸ்கோவிலிருந்து 1947-ல் திரும்பியதும் அவர் கையில் எடுத்தது, முன்னணிப் படைக்குப் பின்னால் பயிற்சிப் படைகளை வளர்க்கும் திட்டம். ஊர்களில் சேர்த்த ஆட்களைத் தனி ரெஜிமெண்டுகளாக்கிப் பயிற்சி தந்து, சண்டையில் குறைந்த இடத்துக்கு முழுதாக அனுப்புவார்கள். 1948 இலையுதிர்காலத்தில் வடகிழக்குப் படை 10 லட்சத்தைத் தாண்டியது.

பிடிபட்ட கோமிண்டாங் சிப்பாய்களில் பலர் கட்டாயமாகப் படைக்கு இழுக்கப்பட்ட ஏழை விவசாயிகள். அவர்களைக் கூட்டத்தில் உட்கார வைத்து, நிலக்கிழார் வீட்டில் என்ன நடந்தது, யார் பசியால் செத்தார்கள் என்று அவர்களே எழுந்து சொல்ல வைக்கும் முறை ஒரு படைப்பிரிவில் உருவாகியிருந்தது. லுவோ அதை எல்லாப் படைகளுக்கும் பரப்பினார். நேற்று எதிர்ப்பக்கம் நின்றவர் சில வாரங்களில் இந்தப் பக்கம் நின்று சுட்டார்.

ஜின்ஜோ தந்தி விவகாரம் என்ன?

1948 செப்டம்பரில் லியாவ்ஷென் போர் தொடங்கியது. வடகிழக்குக்கும் சீனாவின் மற்ற பகுதிக்கும் இடையிலான கதவு ஜின்ஜோ நகரம். முதலில் அதைப் பிடியுங்கள் என்பது மாவோவின் கட்டளை. லின் பியாவுக்கோ தயக்கம்.

அக்டோபர் 2 அன்று தலைமையகத்தின் ரயில் ஜாங்வூ அருகே நின்றுகொண்டிருந்தபோது, ஹூலூதாவ் துறைமுகத்தில் எதிரிக்குக் கூடுதல் டிவிஷன்கள் இறங்கிய செய்தி வந்தது. ஒரு மேசை விருந்தாளிகளுக்குத்தான் சமைத்திருக்கிறோம், இரண்டு மேசைக்கு ஆள் வந்துவிட்டது என்று லின் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அன்றிரவே, திரும்பிப் போய், ஏற்கெனவே முற்றுகையில் இருந்த சாங்சுன் நகரைத் தாக்கலாமா என்று மாவோவுக்குத் தந்தி போனது. அதில் லின், லுவோ, படையின் தலைமை அலுவலர் (chief of staff) லியூ யாலோ மூவர் பெயரும் இருந்தது.

மறுநாள் காலை லுவோ, லியூவோடு லின்னிடம் போனார். ஒப்புக்கொண்ட திட்டத்தை இந்த நேரத்தில் மாற்றுவது சரியல்ல என்று வாதாடினார். லின் இசைந்தார், தந்தியை நிறுத்தச் சொன்னால், அது போய்விட்டது. லுவோ உட்கார்ந்து புதுத் தந்தி எழுதினார்: ஜின்ஜோவைத் தாக்குகிறோம். அது கைக்குப் போய்ச் சேரும் முன்பே மாவோவிடமிருந்து கடுமையான தந்திகள் கிளம்பிவிட்டன.

அக்டோபர் 15-ல் ஜின்ஜோ விழுந்தது. நவம்பர் 2-க்குள் வடகிழக்கு முழுவதும் கைமாறியது. கோமிண்டாங் தரப்பு இழந்தது 4,70,000-க்கும் அதிகம். லின் பியாவ் 1971-ல் துரோகியாக அறிவிக்கப்பட்டபின் எழுதப்பட்ட நூல்கள் அந்தக் காலை வேளையில் லின்னைச் சிறுமைப்படுத்தியே பேசுகின்றன. அப்படிச் செய்யத் தேவையில்லை. தயங்கிய தளபதி சில மணி நேரத்தில் மனம் மாறியதும், அவரை மாற்றும் உரிமையோடு ஒருவர் அருகில் இருந்ததும்தான் இங்கே முக்கியம்.

ஆப்பிள் கதையும் இதோடு சேர்ந்ததா?

ஆமாம். ஜின்ஜோ ஆப்பிளுக்குப் பெயர் போன ஊர். போர் நடந்தது பழம் பழுத்திருந்த நேரம். தோட்டங்களுக்குள் படுத்துக் கிடந்த சிப்பாய்கள் ஒரு பழத்தைக்கூடப் பறிக்கவில்லை. 1956-ல் மாவோ இதை நெகிழ்ந்து பேசியிருக்கிறார்.

சாங்சுன் முற்றுகைக்கு அவரும் பொறுப்பாளிதானே?

பொறுப்பாளிதான். இதை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையல்ல. 1948 மே முதல் அக்டோபர் வரை வடகிழக்குப் படை சாங்சுன் நகரைச் சுற்றி வளைத்து, உணவு உள்ளே போகாமல் தடுத்தது. வெளியேற வந்த பொதுமக்களைப் பல வாரங்கள் திருப்பி அனுப்பியது; நகருக்குள் இருந்த கோமிண்டாங் படையும் அவர்களை மீண்டும் ஏற்கவில்லை. இரண்டு காவலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். சாவு எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பதே பெரும்பாலான மதிப்பீடு. சிப்பாய்களின் முன் மக்கள் மண்டியிட்டுக் கெஞ்சுவதையும், குழந்தைகளைப் போட்டுவிட்டுப் போவதையும் சொல்லும் செப்டம்பர் மாத அறிக்கையில் லுவோவின் பெயரும் இருக்கிறது. என்ன நடக்கிறது என்று தலைமைக்குத் தெரியும். ஹூஷியில் கொலையை நிறுத்திய அதே மனிதர் இங்கேயும் தலைமையில் இருந்தார்.

1949-க்குப் பிறகு என்ன செய்தார்?

உடல் ஒத்துழைக்காததால், நான்காம் களப்படை என்று பெயர் மாறியிருந்த வடகிழக்குப் படை தெற்கே போனபோது அவர் வடக்கிலேயே தங்கினார். 1949 அக்டோபரில் தலைமை வழக்குத் தொடுநர். 1950-ல் பொது அரசியல் துறை இயக்குநர், அதோடு அதிகாரிகள் நியமனத் துறைக்கும் தலைவர்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் எல்லாவற்றிலும் சோவியத் முறைதான் முன்மாதிரி. தளபதி ஒருவரே முழு அதிகாரத்தோடு இருக்கட்டும், ஆணையர் எதற்கு என்ற கேள்வி பலமாக எழுந்தது. 1954-ல் வெளிவந்த அரசியல் பணி விதிமுறை வரைவு, கட்சிக் குழுவின் கூட்டு முடிவையும் ஆணையர் பதவியையும் உறுதி செய்தது. அதைத் தயாரிக்கும் பணியை நடத்தியவர் லுவோ. இன்றும் சீன ராணுவம் அந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது.

லின் பியாவோடு ஏன் மோதல் வந்தது?

1956-ல் உடல்நலக் காரணம் சொல்லி லுவோ பொது அரசியல் துறையிலிருந்து விலகினார். அவருடைய இடத்துக்கு, தான் ஜெங் என்ற ஜெனரல் வந்தார். 1959-ல் லின் பியாவ் பாதுகாப்பு அமைச்சரானார். அடுத்த ஆண்டே தான் ஜெங் வீழ்த்தப்பட்டார். 1961 ஜனவரியில் லுவோவை மறுபடி அழைத்தார்கள்.

மாவோவின் நூல்களைப் 'பிரச்சினையோடு போய்ப் படி' என்பது லின்னின் முழக்கம். தேவைக்கேற்ற வரியைத் தேடி எடுத்துக்கொள்வதில் அது போய் முடியும், அடிப்படைக் கருத்தைக் கற்பதுதான் படிப்பு என்பது லுவோவின் நிலை. 1961 ஏப்ரல் 30 அன்று ராணுவ ஆணைய நிலைக்குழுக் கூட்டத்தில் அந்த வாசகத்தை ஆவணத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று நேராகச் சொன்னார். லின் கூட்டத்தைச் சட்டென்று முடித்துவிட்டு எழுந்து போனார். லுவோ விஷயத்தைத் தெங் ஷியாவ்பிங்கிடம் கொண்டுபோனார். கட்சிச் செயலகம் அவர் பக்கம் நின்றது. ஆனால் காலம் லின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் நாடு முழுவதும் வரிகளை ஒப்பிக்கும் படிப்பாக அது மாறிவிட்டது.

அவர் மறைவுக்குப் பின் குடும்பத்துக்கு என்ன ஆனது?

மாவோ மருத்துவமனைக்கே போய் அஞ்சலி செலுத்தினார். அவருக்காக ஓர் இரங்கல் கவிதையும் எழுதினார். நாட்டுக்குச் சிக்கல் வந்தால் இனி யாரிடம் கேட்பது என்று அது முடிகிறது. சக மார்ஷல் யாருக்கும் மாவோ இப்படி இரங்கல் கவிதை எழுதியதில்லை.

மனைவி லின் யுவேச்சின் நெடும்பயணத்தில் பெண்கள் பொறியியல் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர், 1955-ல் மூத்த கர்னல் பட்டம் பெற்றவர். கலாச்சாரப் புரட்சியில், இறந்த தளபதிகளின் மனைவியர் சேர்ந்து சதி செய்கிறார்கள் என்று குற்றம் சுமத்தி அவரை வாட்டினார்கள். லின் பியாவ் செத்த பிறகே அந்தக் குடும்பத்துக்கு மூச்சு வந்தது. மகன் லுவோ தொங்ஜின் ஏவுகணைப் படையில் துணை அரசியல் ஆணையராகவும் லெப்டினன்ட் ஜெனரலாகவும் உயர்ந்தார்.

இன்றைய சீன ராணுவத்தில் அரசியல் ஆணையர்களின் நிலை என்ன?

பதவி அப்படியே இருக்கிறது. லுவோ தலைமை வகித்த பொது அரசியல் துறை 2016 ஜனவரியில் கலைக்கப்பட்டு, மத்திய ராணுவ ஆணையத்தின் அரசியல் பணித் துறையானது. இடையில் நடந்தது வேதனையானது. அதே நாற்காலியில் 2002 முதல் 2004 வரை உட்கார்ந்து, பிறகு ராணுவ ஆணையத் துணைத் தலைவராக உயர்ந்த ஷூ சாய்ஹோ, பணம் வாங்கிக்கொண்டு பதவி உயர்வு தந்தார் என்ற குற்றச்சாட்டில் 2014 ஜூனில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு ஷி ஜின்பிங் ராணுவத்தின் அரசியல் பணி மாநாட்டைக் குட்டியெனில் கூட்டினார். பத்து ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், அரசியல் பணித் துறை இயக்குநர் மியாவ் ஹுவாவும் விசாரணைக்காக இடைநீக்கம் செய்யப்பட்டார். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் லுவோ காலத்தில் எந்த மேசையில் இருந்ததோ, இன்றும் அதே மேசையில்தான் இருக்கிறது.